130 மோட்டரில் ஓடும் தெர்மாகோல் படகு: முதல்முறை செய்பவர்களுக்கு

முதல் படகு சரியாக ஓடாவிட்டால் பெரும்பாலானவர்கள் இன்னும் பெரிய மோட்டர் வாங்கப் போகிறார்கள். தவறு மோட்டரில் இருப்பது அபூர்வம். மோட்டருக்கும் ப்ரொப்பெல்லருக்கும் நடுவில் ஷாஃப்ட் கோணலாக உரசிக்கொண்டிருக்கும், பேட்டரி செல்லில் உள்ள கரண்டெல்லாம் அந்த உரசலிலேயே தீர்ந்துவிடும். ஆகவே இந்தச் செய்முறையில் பாதி கவனம் ஷாஃப்ட்டுக்குத்தான். கையில் ஒரு சாதாரண மல்டிமீட்டர் அவசியம் வேண்டும்.

தேவையான பொருட்கள்

25 மி.மீ. தெர்மாகோல், 36 × 14 செ.மீ. துண்டு. 130 சைஸ் பொம்மை மோட்டர் ஒன்று. 18650 லித்தியம் செல் (மறுபடி சார்ஜ் செய்யக்கூடிய உருளை பேட்டரி), அதற்கான ஹோல்டர். டிபி4056 சார்ஜிங் போர்டு, சுவிட்ச். 25 மி.மீ. விட்டமுள்ள, 2 மி.மீ. துளை கொண்ட பிளாஸ்டிக் நீர் ப்ரொப்பெல்லர். ஷாஃப்ட்டுக்கு சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி. பெரும்பாலான சைக்கிள்களில் அது 2 மி.மீ. தடிமன்தான், மோட்டர் அச்சும் அதே அளவு. கம்பி தடையில்லாமல் சுழலக்கூடிய 12 செ.மீ. பித்தளைக் குழாய், கொஞ்சம் கிரீஸ், 2 மி.மீ. உள்விட்டமுள்ள சிலிக்கான் டியூப், பேக்கிங் டேப். சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெருவில் எலெக்ட்ரானிக் சாமான்கள் எல்லாமே கிடைக்கும்.

சார்ஜிங் போர்டு வாங்கும்போது 'அவுட்' என்று தனியாக இரண்டு முனைகள் இருக்கிறதா என்று பாருங்கள். அவை இருக்கும் போர்டில்தான் செல்லை அளவுக்கு மீறி வடியவிடாத பாதுகாப்பு சர்க்யூட் இருக்கும்.

அடித்தளம்

முன்பக்கம் 10 செ.மீ. நீளத்துக்கு இருபுறமும் சாய்த்து வெட்டி மூக்கு அமையுங்கள். ஃபெவிக்விக், பெட்ரோல் வாசனை வரும் பசைகள் எல்லாம் தெர்மாகோலை அரித்துக் குழியாக்கிவிடும். வெள்ளை ஃபெவிகால் ஒட்டும், ஆனால் தண்ணீரில் ஊறிக் கரையும். தண்ணீர் தாங்கும் ஃபெவிகால் மரைன் வாங்குங்கள். வெட்டியபின் முழுவதும் பேக்கிங் டேப் சுற்றிவிட்டால் மணிமணியாக உதிராது.

எல்லாம் சேர்த்து 150 கிராம் சுற்றி வரும். இந்த அடிப்பரப்புக்கு அது வெறும் 3 அல்லது 4 மி.மீ. ஆழம்தான் அமிழும். இந்த எண்ணை நினைவில் வையுங்கள், அடுத்த வேலைக்கு இது வேண்டும்.

ஷாஃப்ட்

ஸ்போக்ஸின் வளைந்த தலையையும் மரையுள்ள முனையையும் வெட்டி, 15 செ.மீ. நேர்க்கம்பியாக எடுங்கள். கண்ணாடி மேல் உருட்டினால் வளைவு இருந்தால் தத்தித் தத்தி உருளும். அந்தக் கம்பியை ஒதுக்கிவிட்டு வேறு எடுங்கள். தட்டி நிமிர்த்துவது பலன் தராது.

படகின் பின்விளிம்பிலிருந்து 18 செ.மீ. தள்ளி, 15 மி.மீ. ஆழத்தில் மோட்டருக்குக் குழி வெட்டுங்கள். அங்கிருந்து பின்னோக்கிக் குழாய் சாய்வாக இறங்கி அடிப்பக்கம் வெளிவர வேண்டும். கம்பியின் 15 செ.மீ. நீளத்துக்கு 3.5 செ.மீ. இறக்கம் இருந்தால் ப்ரொப்பெல்லரின் மையம் நீர்மட்டத்துக்கு ஏறக்குறைய 2 செ.மீ. கீழே வரும். இதைவிட மேலே வைத்தால் அது காற்றை உறிஞ்சும், நுரை மட்டும் வரும், படகு நகராது. அதிகம் சாய்த்தால் தள்ளும் விசையில் ஒரு பகுதி படகின் பின்புறத்தைத் தூக்குவதிலேயே போய்விடும்.

குழாயின் உள்முனை நீர்மட்டத்துக்கு மேலே இருக்கிறதா என்று பாருங்கள். படகு 4 மி.மீ. தான் அமிழ்கிறது, குழாயின் உள்முனை அடியிலிருந்து 1 செ.மீ. உயரத்தில் இருந்தாலே தண்ணீர் குழாய் வழியாக ஏறாது. கிரீஸ் அதற்கு மேல் ஒரு காப்பு.

கம்பியைக் குழாயில் விட்டு, ப்ரொப்பெல்லருக்கும் குழாய் வாய்க்கும் இடையே ஒரு சின்ன வாஷர் போடுங்கள். ப்ரொப்பெல்லர் தண்ணீரைப் பின்னால் தள்ளும்போது கம்பி முன்னால் தள்ளப்படும். வாஷர் இல்லையென்றால் அந்த அழுத்தம் முழுவதும் மோட்டர் அச்சில் விழுந்து உள்ளே தேயும். அரை மி.மீ. ஆட்டம் விட்டு அமையுங்கள்.

மோட்டர் அச்சையும் கம்பியையும் 15 மி.மீ. சிலிக்கான் டியூபால் இணைக்க வேண்டும். டியூப் கொஞ்சம் வளைந்து கொடுக்கும் என்பதற்காகக் கோணலாக வைத்துவிடாதீர்கள். மோட்டரை நேரடியாகத் தெர்மாகோலில் ஹாட் குளூவால் ஒட்டவும் வேண்டாம், சூட்டில் தெர்மாகோல் உருகி மோட்டர் சாய்ந்துவிடும். ஐஸ்கிரீம் குச்சியில் மோட்டரை ஒட்டி, இரண்டு அச்சும் ஒரே கோட்டில் வரும்வரை குச்சிக்கு அடியில் அட்டைத் துண்டுகள் வைத்துச் சரிபார்த்த பிறகே ஃபெவிகால் தடவுங்கள். இதற்கு ஒரு மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை.

வயரிங்

செல்லில் நேரடியாகச் சால்டர் வைக்காதீர்கள், சூடு செல்லைக் கெடுக்கும், ஹோல்டர் அதற்காகத்தான். ஹோல்டரின் பிளஸ் 'பி பிளஸ்'ஸுக்கு, மைனஸ் 'பி மைனஸ்'ஸுக்கு. மாற்றிப் போட்டால் சிப் புகைந்துவிடும். 'அவுட் பிளஸ்'ஸிலிருந்து சுவிட்ச் வழியாக மோட்டருக்கும், மோட்டரிலிருந்து 'அவுட் மைனஸ்'ஸுக்கும் வயர் கொடுங்கள். செல்லைப் போட்டதும் மோட்டர் அசையவே இல்லையென்றால் பயப்பட வேண்டாம். போர்டில் ஒருமுறை சார்ஜரைச் செருகி எடுத்தால் பாதுகாப்பு சர்க்யூட் விழித்துக்கொள்ளும்.

தண்ணீரில் விடுவதற்கு முன்

மல்டிமீட்டரை 10 ஆம்பியர் சாக்கெட்டில் போட்டு மோட்டர் வயரில் தொடராக, அதாவது வயரை ஓரிடத்தில் பிரித்து அந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில், இணையுங்கள். மோட்டர் தனியாகச் சுழலும்போது 0.2 ஆம்பியர் அளவில் காட்டும். ஷாஃப்ட்டை இணைத்த பின் 0.4க்குள் இருந்தால் நல்ல வேலை. 0.6 தாண்டினால் எங்கோ உரசுகிறது: குச்சியைக் கழற்றி மறுபடி அமையுங்கள். பக்கெட் தண்ணீரில் வைத்தால் 1 ஆம்பியரை ஒட்டி வரலாம். 1.5க்கு மேல் போனால் ப்ரொப்பெல்லர் இந்த மோட்டருக்குப் பெரிது. இறக்கைகளின் நுனியை இரண்டு பக்கமும் சமமாக வெட்டிச் சிறிதாக்குங்கள். ஐந்து நிமிடம் ஓடியபின் மோட்டரில் விரல் வைத்திருக்க முடியாத சூடு இருந்தாலும் இதே வைத்தியம்தான்.

படகு பின்னால் போனால் மோட்டர் வயர்கள் இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் போதும்.

செல்லின் இடத்தைக் கடைசியில் முடிவு செய்யுங்கள். படகை மிதக்கவிட்டு, செல்லை முன்னும் பின்னும் நகர்த்தி, மூக்கு லேசாகத் தூக்கி நிற்கும் இடத்தில் டேப் போடுங்கள். மூக்கு தாழ்ந்தால் வேகம் பிடித்ததும் தண்ணீர் மேலே ஏறும்.

சுக்கான்

பழைய பிளாஸ்டிக் டப்பாவில் 4 × 3 செ.மீ. துண்டு வெட்டி, ப்ரொப்பெல்லருக்கு நேர் பின்னால் பொருத்துங்கள். ப்ரொப்பெல்லர் தள்ளும் நீர் அதன்மேல் பட்டால்தான் மெதுவாகப் போகும்போதும் படகு திரும்பும். 1881ல் பாரிஸில் சேன் நதியில் குஸ்தாவ் த்ரூவே ஓட்டிய மின்படகில் மோட்டரும் ப்ரொப்பெல்லரும் சுக்கானோடு சேர்ந்தே இருந்தன. சுக்கானைத் திருப்பினால் தள்ளும் திசையே திரும்பும். ரிமோட் இல்லாத நம் படகுக்குச் சுக்கானை 15 டிகிரி திருப்பி நிலையாக வையுங்கள். படகு வட்டமடித்து உங்களிடமே வரும், அதைப் பிடிக்க யாரும் குளத்தில் இறங்க வேண்டியதில்லை. பிள்ளைகள் ஓட்டுவதென்றால் முழங்கால் ஆழத் தொட்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

2000 எம்.ஏ.எச். செல் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் தாங்கும். ஓட்டி முடித்ததும் செல்லைக் கழற்றி, படகிலும் ஹோல்டரிலும் உள்ள ஈரத்தைத் துடையுங்கள். பிறகு செல்லை மறுபடி ஹோல்டரில் போட்டு, சுவிட்சை ஆஃப் செய்துவிட்டுச் சார்ஜ் போடுங்கள். நனைந்த செல், உப்பிய செல், தோல் கிழிந்த செல் எதையும் சார்ஜில் போடக் கூடாது. கடல் அல்லது கழிமுகத் தண்ணீரில் ஓட்டியிருந்தால் ஷாஃப்ட்டை உருவி நல்ல தண்ணீரில் கழுவி, புதுக் கிரீஸ் தடவி மாட்டுங்கள்.