கக்குற பிள்ளை தக்குமா? பால் எதுக்களிக்கும் குழந்தையைச் சமாளிக்கும் செய்முறை

என் மகன் பிறந்து ஐந்தாவது வாரம் இருக்கும். ரங்கூனில் வழக்கம்போல கரண்ட் போன ஒரு ராத்திரி, பால் குடித்து முடித்துத் தோளில் சாய்ந்தவன் குடித்ததையெல்லாம் என் முதுகில் விட்டுவிட்டான், செல்போன் வெளிச்சத்தில் பார்த்தால் லுங்கி வரைக்கும் ஈரம், நான் அழுதே விட்டேன். பாட்டி பாயில் படுத்தபடியே, "கக்குற பிள்ளை தக்கும்டி, போய்ப் படு" என்றார்.

பாட்டி சொன்னது பாதி சரி. மீதிப் பாதி எனக்குத் தெரியவர இரண்டு மாதம் ஆனது, உங்களுக்கு அவ்வளவு நாள் வேண்டாம்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். உணவுக்குழாய் இரைப்பையில் போய்ச் சேரும் இடத்தில் சுருக்குப்பையின் வாய் மாதிரி ஒரு தசை வளையம் இருக்கிறது. பச்சைக் குழந்தைக்கு அந்தச் சுருக்கு அடிக்கடி நேரங்கெட்ட நேரத்தில் தளரும். போதாததற்குக் குழாயும் குட்டை, சாப்பாடும் வெறும் பால், நாள் முழுக்கப் படுக்கை வேறு. பால் மேலே ஏறாமல் என்ன செய்யும்? பெரும்பாலும் இரண்டு மாதத்துக்குள் தொடங்கி, நாலாவது மாதவாக்கில் உச்சத்துக்குப் போய், உட்காரப் பழகும்போது குறையும். பத்தில் ஒன்பது குழந்தைக்கு ஒரு வயதுக்குள் நின்றுவிடும்.

படி 1: கக்கியதை அல்ல, குழந்தையைப் பாருங்கள்

ஒரு பெரிய கரண்டி, அதாவது 15 மில்லி பாலை ஒரு பழைய லுங்கியில் ஊற்றிப் பாருங்கள். உள்ளங்கையை விடப் பெரிதாகப் படரும். "குடிச்சது அத்தனையும் வந்துடுச்சு" என்று நாம் பதறுவது பல நேரம் இந்தக் கறையைப் பார்த்துத்தான்.

பார்க்க வேண்டியது எடை. முதல் மூன்று மாதத்தில் நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏறினால் போதும், வாரக் கணக்கில் 5 முதல் 7 அவுன்ஸ். இங்கே எடையைப் பவுண்டில் சொல்வார்கள், மருந்துச் சீட்டில் கிலோ இருக்கும், ஆகவே ஒரு கிலோ 2.2 பவுண்டு என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். (எங்கள் மாமா ஒருவர் பசார் தராசில் வீசைக் கணக்கில் நிறுத்து வந்து, வீட்டில் ஒரு நாள் முழுக்கக் குழப்பம்.) எடை ஏறுகிறது, நாளுக்கு ஆறு தடவையாவது மூத்திரம் போகிறது, கக்கிவிட்டுச் சிரிக்கிறது என்றால் பாட்டி சொன்னதுதான் சரி. உங்களுக்குத் துணி துவைக்கிற வேலை மட்டும்தான்.

படி 2: பால் கொடுக்கிற விதம்

தாய்ப்பாலை இதற்காக நிறுத்தவே கூடாது. அலறி அழுகிற வரை காத்திருக்காமல், கையைச் சப்பத் தொடங்கும்போதே கொடுங்கள், அழுதபடி குடித்தால் காற்றையும் சேர்த்து விழுங்கும்.

புட்டிப்பால் என்றால் ஒரு கணக்கு. முதல் சில மாதங்களில் ஒரு கிலோ எடைக்கு நாள் முழுவதற்கும் சுமார் 150 மில்லி. 4 கிலோ குழந்தைக்கு 600 மில்லி, எட்டாகப் பிரித்தால் வேளைக்கு 75. நான் 120 கொடுத்துக்கொண்டிருந்தேன்! மிச்சம் இருக்கிற அந்த ஒரு வாயையும் எப்படியாவது உள்ளே தள்ளிவிட வேண்டும் என்ற நம் வீட்டுப் பழக்கம் இருக்கிறதே, அதை விடுவதுதான் கஷ்டம். புட்டியைக் கவிழ்த்தால் பால் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும், தாரையாக ஊற்றினால் அந்த நிப்பிளின் ஓட்டை பெரிது. பால்மாவு கலக்கும்போது முதலில் தண்ணீர், அப்புறம்தான் மாவு, கரண்டியைத் தலைதட்டி அளக்க வேண்டும். தேநீர்க் கடையில் ஊற்றுகிற டின்பாலைக் கரைத்துக் கொடுக்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம்.

படி 3: ஏப்பம்

குடித்து முடிந்த பிறகு மட்டும் அல்ல, நடுவிலும் ஒரு தடவை. குழந்தையை மடியில் உட்கார வைத்து, ஒரு கையால் தாடையைத் தாங்கி (தொண்டையை அல்ல) லேசாக முன்னால் சாயுங்கள். மறு கையைக் குழித்து முதுகில் தட்டுங்கள், உள்ளங்கை தட்டையாக இருந்தால் சுளீரென்று படும், குழித்தால் 'பொத்' என்று கேட்கும். ஐந்து நிமிஷத்தில் வரவில்லையா, விட்டுவிடுங்கள்.

படி 4: அரை மணி நேரம் நிமிர்த்தி

குடித்த பிறகு 20 முதல் 30 நிமிஷம் நெஞ்சோடு நிமிர்த்தி வைத்திருங்கள். எங்கள் வீட்டில் இந்த வேலை அவர் தலையில் கட்டப்பட்டது. குடித்த கையோடு தூளியில் போடாதீர்கள், உடம்பு வில்லாக வளைந்து வயிறு மடங்கும், கக்கல் அதிகமாகும். டயப்பரையும் வயிற்றை இறுக்காமல் கட்டுங்கள்.

படி 5: தூக்கம் மல்லாக்கத்தான்

எல்லோரும் பயப்படுவது இங்கேதான். "மல்லாக்கப் போட்டா புரையேறிடும், குப்புறப் போடு" என்று நாலு பேர் சொல்வார்கள். உண்மை நேர்மாறு. மல்லாந்து படுத்தால் மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கும், பால் மூச்சுக்குழாய்க்குள் போக மேலேறியாக வேண்டும். குப்புறப் போட்டால் அது தலைகீழ். தலையணை வேண்டாம், தொட்டிலின் ஒரு பக்கம் செங்கல் வைத்து உயர்த்துவதும் வேண்டாம். குழந்தை சரிந்து கழுத்து மடங்கி மூச்சு அடைபடும் என்பதால், 10 டிகிரிக்கு மேல் சாய்ந்த தூக்கப் படுக்கைகளை அமெரிக்காவில் 2022இல் சட்டம் போட்டே தடை செய்தார்கள்.

படி 6: கொடுக்கக் கூடாதவை

வசம்பு உரசி நாக்கில் தடவுவதில் பாட்டிக்கும் எனக்கும் ஒரு வாரம் பேச்சு இல்லை. வசம்பே வாந்தியைக் கிளப்பக் கூடியது, கக்குகிற பிள்ளைக்கு அதைக் கொடுப்பானேன்? தேன் ஒரு வயது வரை கூடாது. தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர், கிரைப் வாட்டர் எதுவும் வேண்டாம். பாலைக் கெட்டியாக்க அரிசிமாவு கலக்குவது டாக்டர் சொன்னால் மட்டும். ஒமெப்ரசோல் போன்ற மருந்துகள் அமிலத்தைக் குறைக்குமே தவிரக் கக்குவதை நிறுத்தாது, ஆகவே சிரித்துக்கொண்டு கக்குகிற குழந்தைக்கு அது தேவை இல்லை.

படி 7: எப்போது ஓட வேண்டும்

பச்சையாகவோ ரத்தமாகவோ வந்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். ஒன்றிரண்டு மாதக் குழந்தை ஒவ்வொரு வேளையும் பீறிட்டுத் தூர அடித்து, உடனே மறுபடி பசியில் அழுதால் இரைப்பையின் கீழ்வாய் தடித்து அடைபட்டிருக்கலாம், அது ஆபரேஷனில் சரியாகிவிடும், தாமதிக்கத்தான் கூடாது. மூன்று மாதத்துக்குள் 38 டிகிரி காய்ச்சல், மூச்சுத் திணறல், உச்சிக்குழி புடைப்பு, மூத்திரம் குறைவது, பாலையே மறுப்பது, இவற்றுக்கும் அப்படியே. எடை ஏறாதது, ஆறு மாதத்துக்குப் பிறகு புதிதாகத் தொடங்குவது, மலத்தில் ரத்தமும் தோலில் சொறியும் சேர்ந்து வருவது என்றால் அந்த வாரமே காட்டுங்கள். கடைசியாகச் சொன்னது பசும்பால் ஒவ்வாமையாக இருக்கலாம், தாய்ப்பால் கொடுக்கிறவரை இரண்டு முதல் நாலு வாரம் பால், தயிர் நிறுத்திப் பார்க்கச் சொல்வார்கள்.

இன்னொன்று. தமிழில் கக்கல் வேறு, வாந்தி வேறு. டாக்டரிடம் பர்மியில் பேசும்போது நான் இரண்டுக்கும் 'அன்' என்றே சொல்லிக்கொண்டிருந்தேன், அவரும் வாந்திக்கு உள்ள கேள்விகளாகவே கேட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது தடவை போகும்போது, வாயோரம் வழிவதைப் போனில் வீடியோ எடுத்துக் காட்டினேன். பத்து விநாடி பார்த்தார், குழந்தையை எடை போட்டார், சீட்டில் எழுதி வைத்திருந்த சிரப்பைக் கோடு போட்டு அடித்துவிட்டார்.