வாயு கசிந்தால் எந்தப் பக்கம் போவது?

2023 டிசம்பர் 26, நள்ளிரவு நெருங்கும் நேரம். எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கண் எரிய மாமியாரை எழுப்பி, கூட்டம் ஓடிய பக்கமே நானும் ஓடினேன். அது தவறு.

முதலில் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பாருங்கள். கொடியில் கிடக்கும் துணியே சொல்லிவிடும். காற்றோடு ஓடினால் வாயுவும் கூடவே வரும். காற்றுக்குக் குறுக்காக விலகுங்கள். 1984 டிசம்பரில் போபாலில் சுமார் 40 டன் மெத்தில் ஐசோசயனேட் என்ற நச்சு வாயு கசிந்தது. காற்றைவிடக் கனமான அது தரையோடு படர்ந்ததால், உயரம் குறைந்த குழந்தைகள் அதிகம் சுவாசித்தார்கள். அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கிறது. பிள்ளைகளைத் தூக்கிக்கொள்ளுங்கள்.

அம்மோனியா தண்ணீரில் சட்டென்று கரையும். அதனால் நனைத்த துண்டை மூக்கிலும் வாயிலும் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணை ஓடும் தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவுங்கள், கசக்க வேண்டாம். வெளியே போக வழியில்லையா? கதவு, ஜன்னலைச் சாத்தி, இடுக்குகளில் ஈரத்துணியை அடையுங்கள்.

சரி, அதற்கு முன்பே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அபாயகரமான ரசாயனங்கள் பற்றிய 1989ஆம் ஆண்டு விதிகளின்படி, விபத்து நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை அக்கம்பக்கத்தாருக்கு ஆலை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். எங்கள் தெருவில் யாருக்கும் சொல்லவில்லை. 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போட்டு, உங்கள் பகுதியின் அவசரகாலத் திட்டத்தையும் கடைசி ஒத்திகை நடந்த தேதியையும் கேளுங்கள். மனுவை எழுதத் தெரியாத பக்கத்து வீட்டு அக்காவுக்கும் சேர்த்து எழுதிக் கொடுங்கள்.