கியர் விழமாட்டேங்குதா? எஞ்சினைப் பிரிக்கும் முன் இந்த ஒரு ஸ்குருவைப் பாருங்கள்

நியூட்ரலிலிருந்து ஒன்றாம் கியரை மிதித்தால் எஞ்சினுக்குள் சுத்தியலால் அடித்த மாதிரி ‘டடக்’. வண்டி ஒரு முழம் முன்னால் துள்ளும். இரண்டிலிருந்து மூன்றுக்குப் போவதற்குள் கணுக்கால் கழன்றுவிடும். அப்பா ஓட்டிய ஹோண்டா இஎக்ஸ்5 மோட்டார் சைக்கிள் என்னிடம் வந்த பிறகு மூன்று மாதம் இப்படித்தான் இருந்தது.

மலேசியாவின் சிலாங்கூரில் இருக்கும் எங்கள் ஊருக்கு அறிவிப்புப் பலகையில் பெயர் பெஸ்தாரி ஜெயா. எங்கள் வாயில் இன்னமும் பழைய பெயரான பத்தாங் பெர்ஜுந்தைதான். செம்பனைக்கு நடுவே செம்மண் ரோட்டில் வேலைக்குப் போகிறவனுக்கு மோட்டார் இல்லாவிட்டால் கால் இல்லாத மாதிரி. ஒரு கடையில் காட்டினேன். ஓட்டிக்கூடப் பார்க்காமல், “கியர்பாக்ஸ் போச்சு தம்பி, பிரிச்சா முந்நூறு வெள்ளி (ரிங்கிட்) ஆகும்” என்றார்கள். கடைசியில் வீட்டுப் பின்புறம் அரை மணி நேரத்தில், ஒரு காசு செலவில்லாமல் சரியானது.

காப்சாயில், அதாவது இஎக்ஸ்5 மாதிரிச் சின்ன மோட்டாரில், கையில் பிடிக்கும் கிளட்ச் (எஞ்சினையும் கியரையும் இணைத்துப் பிரிக்கும் பாகம்) இல்லை. அதனால் கிளட்சே இல்லை என்று நினைத்துவிடுகிறோம். எஞ்சின் வேகம் ஏறினால் அது தானாகப் பிடிக்கும். கியர் பெடலை மிதிக்கும்போது அந்தப் பெடலே முதலில் கிளட்சை விலக்கிவிட்டு, பிறகுதான் கியரை மாற்றும். சரியாக விலகாவிட்டால் எஞ்சின் இழுத்துக்கொண்டிருக்கும்போதே கியர் மாற வேண்டியிருக்கும். மிதி கனமாவது அதனால்தான்.

முதலில் லேசான வேலைகள். பெடலைக் கையால் ஆட்டிப் பாருங்கள். தண்டோடு சேராமல் தனியாக ஆடினால் போல்ட்டை இறுக்குங்கள். செயின் நடுவில் 25 முதல் 35 மில்லிமீட்டர் வரை தொய்வு வேண்டும். காலையில் வண்டி அணைகிறதே என்று ஐட்லிங்கை (முறுக்காமல் விட்டால் எஞ்சின் சுற்றும் வேகம்) கூட்டி வைத்திருந்தால் குறையுங்கள். ஐட்லிங் அதிகமென்றால் நிற்கும்போதும் கிளட்ச் பாதி பிடித்தே இருக்கும். என் வண்டியில் பாதிக் குற்றவாளி இதுதான்; கூட்டி வைத்ததும் நான்தான்.

அடுத்து மினியாக் ஹீத்தாம், அதாவது எஞ்சின் எண்ணெய். இந்தக் கிளட்ச் அதிலேயே ஊறிக் கிடக்கிறது. போத்தலில் ‘ஜாசோ எம்ஏ’ (எண்ணெயில் ஊறும் கிளட்சுக்கு ஏற்றது என்ற தரக் குறி) என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ‘எம்பி’ என்றிருப்பது ஸ்கூட்டருக்கு. காரில் மிஞ்சியதை ஊற்றுவது மகா பாவம். என் வண்டிக்கு 700 மில்லிலிட்டர் போதும். ஒரு லிட்டர் போத்தல் வாங்கினால் முழுசையும் கவிழ்க்காதீர்கள்.

இவ்வளவுக்கும் கேட்கவில்லை என்றால், தலைப்பில் சொன்ன அந்த ஸ்குரு. கிளட்ச் விலகும் அளவைச் சரிசெய்வது அதுதான்.

எஞ்சினை அணைத்து ஆறவிடுங்கள். வலப்பக்க மூடியில் ஒரு நட்டும், அதன் நடுவில் கோடு போட்ட ஸ்குருவும் தெரியும். சேறு அப்பியிருக்கும், பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தெடுங்கள். தங்கையின் நகப்பூச்சை ஸ்குருவிலும் நட்டிலும் ஒரு புள்ளி வைத்தால் எங்கிருந்து தொடங்கினோம் என்பது மறக்காது. நட்டுக்கு ரிங் ஸ்பேனர் மட்டும்தான். வாயை அகட்டிச் சுருக்கும் ஸ்பேனரைப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள், நட்டின் முனையைத் தின்றுவிடும்.

நட்டைத் தளர்த்துங்கள். ஸ்குருவை வலப்பக்கம் ஒரு முழுச் சுற்று. பிறகு இடப்பக்கம் மெதுவாக, விரலில் லேசாகத் தடுக்கும் வரை. அந்த இடத்திலிருந்து மறுபடி வலப்பக்கம் எட்டில் ஒரு பங்கு, அதாவது கடிகார முள் பன்னிரண்டிலிருந்து ஒன்றரைக்குப் போகிற தூரம். நட்டை இறுக்குங்கள்.

நான் வழுக்கி விழுந்தது இந்தக் கடைசி வரியில்தான். மூன்று தடவை செய்தேன், மூன்று தடவையும் கியர் பழையபடியே கல்லாக இருந்தது. நான்காவது தடவை வெறுத்துப்போய் இடப்பக்கமே கூடுதலாக விட்டேன். கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது. ஆனால் மேட்டில் எஞ்சின் அலறியதே தவிர வண்டி நகரவில்லை. கிளட்ச் வழுக்குகிறது. லோரி ஓட்டி ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டு மாமா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், “டேய், நட்டை இறுக்கும்போது ஸ்குரு சேர்ந்து சுத்துதுடா, புடிச்சிக்கோ” என்றார். குனிந்து பார்த்தேன். நகப்பூச்சுப் புள்ளி நட்டோடு சேர்ந்து வலப்பக்கம் போயிருந்தது. இடக்கையில் ஸ்குருடிரைவரை அசையாமல் பிடித்துக்கொண்டு வலக்கையால் நட்டை இறுக்குங்கள். மூடி அலுமினியம், உடம்பு பலத்தைக் காட்டாதீர்கள்.

ஓட்டிப் பாருங்கள். வேகம் ஏறாமல் எஞ்சின் மட்டும் கத்தினால் இடப்பக்கம் அதிகமாகப் போய்விட்டீர்கள், முதலிலிருந்து செய்யுங்கள்.

பின்சேர்க்கை: ஒரு தம்பி, தன் யமஹாவில் இதே கணக்கு வேலை செய்யவில்லை என்று எழுதியிருந்தார். திருகும் திசையும் அளவும் வண்டிக்கு வண்டி மாறும், உங்கள் வண்டிப் புத்தகத்தைப் பார்த்துச் செய்யுங்கள். கைக்கிளட்ச் வண்டிக்காரர்கள் ஸ்குருவைத் தேடாமல், நெம்புகோல் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கிறதா, கேபிள் இழை அறுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொரு அக்காவின் கேள்வி: “ஓடும்போது நல்லா விழுது, நின்னுட்டா மட்டும் இறங்க மாட்டேங்குது.” அது கோளாறு இல்லை அக்கா. நின்ற வண்டியில் உள்ளே பல்லும் பள்ளமும் நேருக்கு நேர் வந்தால்தான் கியர் இறங்கும். வண்டியைக் கொஞ்சம் முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டே மிதியுங்கள், விழும்.