முடி வெட்டுப்படாமல் தோலை வெட்டுவது: சீல் தோல் காதணி செய்யும் முறை

கணக்கு எழுதும் வேலைக்காக வட கனடாவின் இக்கலுயிட் நகருக்கு வந்த முதல் குளிர்காலத்தில், சனிக்கிழமைகளை எப்படிக் கழிப்பது என்று தெரியாமல்தான் இந்த வகுப்பில் சேர்ந்தேன். நாங்கள் செய்தது ஒரு ஜோடிக் காதணி. மேலே கரிபூ மான்கொம்பில் பிடி, கீழே சீல் என்ற கடல்நாயின் தோலில் பிறை. தோல் சீவவும் இறைச்சி அறுக்கவும் இங்குள்ள பூர்வகுடியினரான இனுயிட் பெண்கள் வைத்திருக்கும் உலு என்ற கத்தியின் குட்டி உருவம் அது.

ஆசிரியை அதிகம் பேசமாட்டார், செய்து காட்டுவார். பார்த்தும் பழகியும் கை தேர்வதற்கு இனுயிட் மக்களின் இனுக்டிடுட் மொழியில் பிலிம்மக்சார்னிக் என்று பெயர். ஆகவே நோட்டுப் புத்தகத்தை மூடி வையுங்கள். நான் குறிப்பெடுக்கக் குனிந்த நேரத்தில் முக்கியமான வெட்டு முடிந்துவிட்டது.

அந்த வெட்டைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். முதலில் முடியை விரலால் நீவுங்கள். வழுக்கிக்கொண்டு போகும் திசை காதணியில் கீழ்நோக்கி இருக்க வேண்டும். ஆனால் வரைவது தோலின் பின்பக்கத்தில். புரட்டியதும் திசை மறந்துவிடும். பேனாவால் ஓர் அம்புக்குறி போட்டுக்கொண்டு, அட்டை மாதிரியை வைத்து வரையுங்கள்.

கத்தரிக்கோல் வேண்டாம். நான் எடுத்தேன், விளிம்பு முழுவதும் மெஷின் போட்ட பிடரி போல மொட்டையாகிவிட்டது. ஆசிரியை அதைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தார், திட்டவில்லை. கூரான சிறு கத்தியால் பின்பக்கமிருந்து தோலை மட்டும் கீறுங்கள். தோலை மேசையில் அழுத்தாமல் சற்றே தூக்கிப் பிடித்தால் முடி கீழே தொங்கும், அலகு அதைத் தொடாது. சரியாக வெட்டினால் துண்டு பிரியும்போது முடி தானாக விலகி, விளிம்பைத் தாண்டி நீண்டு நிற்கும். வெட்டிய கோடே கண்ணுக்குத் தெரியாது.

கொம்பு வேலைக்குப் பொறுமை போதும். கரிபூவில் பெண் மானுக்கும் கொம்பு உண்டு. ஆண்டுதோறும் உதிர்ந்து முளைக்கும். நடுப்பகுதி கடற்பஞ்சு போல ஓட்டையாக இருக்கும். வெளிச்சுவரிலிருந்து 15 மில்லிமீட்டர் நீளம், 8 மில்லிமீட்டர் உயரத்தில் சில்லு அறுத்து, மேலும் கீழுமாக இரண்டு துளை போடுங்கள். துளைக் கருவியை விரட்டினால் கருகிய மயிர் நாற்றம் வரும். அடிக்கடி தண்ணீரில் தோய்த்துக்கொள்ளுங்கள். 220, 400, 600 என்ற வரிசையில் உப்புத்தாளை ஈரமாகவே தேயுங்கள். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது, முகக்கவசத்தைக் கழற்றவே கூடாது.

பிறையின் பின்புறம் மெல்லிய தோல் ஒட்டி, காய்ந்ததும் முடியை விலக்கி ஊசியால் துளையிட்டு, சிறு வளையத்தால் பிடியின் கீழ்த் துளையோடு இணையுங்கள். மேல் துளை காதுக் கொக்கிக்கு. வளையத்தின் வாயை அகட்டாதீர்கள். இரண்டு குறடுகளால் ஒரு முனையை முன்னுக்கும் மற்றதைப் பின்னுக்கும் திருகித் திறந்தால்தான் மூடும்போது வட்டம் கெடாது.

இதை நீங்கள் அணியலாம், பரிசளிக்கலாம். இனுயிட் கலை என்று சொல்லி விற்கக்கூடாது. அதற்கென்றே 1958 முதல் இக்லூ முத்திரை இருக்கிறது, உரிமை அவர்களுடையது. அமெரிக்காவுக்குப் போனால் வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். அங்கே 1972ஆம் ஆண்டின் கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டப்படி சீல் தோல் பொருளுக்கு அனுமதி இல்லை, சுங்கத்தில் பறிபோகும்.

இன்னொன்று: இரண்டு பிறை அல்ல, மூன்று பிறை வெட்டி வையுங்கள். சீல் தோல் காதணிக்குக் கனமே கிடையாது, விழுந்தால் காதுக்குத் தெரியாது. பார்க்கா என்ற குளிர்கால மேலங்கியின் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளியபோது என்னுடையதில் ஒன்று பனியில் போய்விட்டது. கொக்கியின் பின்னால் ஒரு ரப்பர் அடைப்பும் மாட்டிக்கொள்ளுங்கள்.