பின்பக்கம் சிக்கிய கருப்பை: கத்தி வைப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

கருப்பை பின்பக்கம் சாய்ந்திருப்பது பல பெண்களுக்கு இயல்புதான். கரு வளரும்போது 12 முதல் 14 வாரத்துக்குள் தானாக நிமிர்ந்து வயிற்றுக்குள் ஏறிவிடும். உறுப்புகளைப் பிணைக்கும் பழைய ஒட்டுகள், எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளர்வது), ஃபைப்ராய்டு கட்டி இருந்தால் எப்போதாவது ஏறாமல், கருப்பையின் மேல்முனை முதுகெலும்பின் அடியிலுள்ள சேக்ரம் எலும்பின் மேட்டுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். ஏறத்தாழ 3,000 கர்ப்பங்களில் ஒன்றில் வருவது என்பதால் சட்டென்று நினைவுக்கு வராது.

மாட்டிய பிறகும் குழந்தை வளர்கிறது. முன்சுவர் மட்டும் மெலிந்து மேலே விரிய, சிறுநீர்ப்பை, கருப்பை வாய், யோனி மூன்றும் அதோடு மேலே இழுபடுகின்றன. ஆபத்து இங்கேதான்: சிசேரியனில் வழக்கமான இடத்தில் குறுக்காக வெட்டினால் கத்தி சிறுநீர்ப்பையிலோ யோனியிலோ இறங்கிவிடும்.

சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் போவது, தீராத மலச்சிக்கல், இடுப்பில் அழுத்தம் ஆகியவை அறிகுறிகள். கடைசி மாதங்களில் எதுவுமே இல்லாமலும் இருக்கலாம். உள்பரிசோதனையில் கருப்பை வாய் இடுப்பின் முன்னெலும்புக்குப் பின்னால், விரலுக்கு எட்டாத உயரத்தில் இருக்கும். 'நஞ்சுக்கொடி கீழே இருக்கிறது' என்ற ஸ்கேன் ரிப்போர்ட்டை அப்படியே நம்பிவிடாதீர்கள்; கீழே மாட்டிய மேல்முனையில் ஒட்டிய நஞ்சுக்கொடிதான் அப்படித் தெரிகிறதோ என்று பாருங்கள். கருப்பை வாய் அளவுக்கு மீறி நீண்டு தெரிந்தால் எம்ஆர்ஐ எடுத்து உறுதிசெய்யுங்கள்.

சிறுநீர் தேங்கினால் ஃபோலி கதீட்டர் (சிறுநீரை வடிக்கும் குழாய்) போடுங்கள். கையால் தள்ளி நிமிர்த்துவது 20 வாரத்துக்கு முன் செய்கிற வேலை; அதன்பின் வழக்கமில்லை. சுகப்பிரசவத்துக்கு வழியில்லை. வலி கண்டால் மெலிந்த சுவர் கிழியலாம் என்பதால், பொதுவாக 36–37 வாரத்திலேயே சிசேரியனுக்கு நாள் குறிப்பார்கள். அதற்குமுன் வலியோ உதிரப்போக்கோ வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று குடும்பத்தாரிடம் தெளிவாகச் சொல்லிவையுங்கள்.

ரத்தம் தயாராக இருக்கட்டும். சிறுநீரக அறுவை நிபுணரும் கூப்பிடு தூரத்தில் இருந்தால் நல்லது. வயிற்றை நடுக்கோட்டில் நீளவாக்கில், தேவைப்பட்டால் தொப்புளுக்கு மேல்வரை திறங்கள். உடனே கருப்பையை வெட்டாதீர்கள். கதீட்டர் வழியாகச் சலைன் ஏற்றினால் சிறுநீர்ப்பையின் எல்லை தெரியும். மேல்முனையின் இருபுறமும் இருக்கும் கருக்குழாய்களையும் வட்டத் தசைநார்களையும் தேடுங்கள்; அவை கண்ணில் படாவிட்டால் எதிரே இருப்பது மேல்முனை அல்ல. கையைப் பின்னால் விட்டு, ஒட்டுகளை விடுவித்து, மேல்முனையை மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். நிமிர்ந்துவிட்டால் கீழ்ப்பகுதி தன் இடத்துக்கு வரும், வழக்கமான வெட்டு போதும். நிமிராவிட்டால் சிறுநீர்ப்பைக்கு நன்கு மேலே நீளவாக்கில் வெட்டுங்கள். மூடுவதற்கு முன் சிறுநீர்ப்பையில் மெத்திலீன் புளூ என்ற நீலச் சாயத்தை ஏற்றிக் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

எந்த வெட்டு போட்டது என்பதை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதுங்கள். மேலே நீளவாக்கில் வெட்டியிருந்தால் அடுத்ததும் சிசேரியன்தான். திரும்பவும் சிக்கக்கூடும் என்பதால், அடுத்த கர்ப்பத்தில் 12–14 வாரத்தில் கருப்பை ஏறிவிட்டதா என்று சோதிக்கச் சொல்லுங்கள்.