15 வருஷக் காருக்கு எஃப்சி: 60 நாள் முன்பே தொடங்குங்கள்

சொந்த உபயோகக் காருக்கு எஃப்சி (தகுதிச் சான்று) காட்ட வேண்டியது பதிவாகி 15 வருஷம் முடியும்போது. தேறினால் இன்னும் 5 வருஷம் ஓட்டலாம். பதிவைப் புதுப்பிக்கும் விண்ணப்பமான படிவம் 25-ஐக் கடைசித் தேதிக்கு 60 நாள் முன்பிருந்தே கொடுக்கலாம். அந்த முதல் நாளிலேயே இறங்கிவிடுங்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) வண்டியைப் பார்ப்பது கொஞ்ச நேர வேலைதான். இழுத்தடிப்பதெல்லாம் அதற்கு முந்தைய வேலைகள். தேதி தாண்டினால் மாதத்துக்கு 500 ரூபாய் கூடுதல் கட்டணம்.

முதலில் ஆர்சி. கார் லோனை எப்போதோ அடைத்திருப்பீர்கள், ஆனால் வங்கியின் பெயர் ஆர்சியில் அப்படியே உட்கார்ந்திருக்கும். வங்கியிடம் என்ஓசியும் (தடையில்லாச் சான்று) கையெழுத்திட்ட படிவம் 35-ம் வாங்கி இப்போதே நீக்குங்கள். நிலுவை இ-சலான், பசுமை வரி, இன்சூரன்ஸ் மூன்றையும் பார்த்துவிடுங்கள். அரசின் பரிவாகன் இணையதளத்தில் ஓடிபி வரும் மொபைல் எண் பழையதாக இருந்தால் அதையும் மாற்ற வேண்டும்.

அடுத்தது சேசிஸ் நம்பர், அதாவது வண்டியின் உடலில் பொறித்த அடையாள எண். வடசென்னையில் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் உப்புக்காற்றில் நிற்கும் வண்டிகள் மாட்டிக்கொள்வது இங்கேதான். எண் எங்கே பொறித்திருக்கிறது என்று ஓனர் மேனுவலில் பாருங்கள். மாடலுக்கு மாடல் இடம் மாறும். துரு ஏறியிருந்தால் துணியில் மண்ணெண்ணெய் நனைத்து ஊறவிட்டு, பழைய பல் துலக்கும் பிரஷால் தேயுங்கள். உப்புத்தாளோ கிரைண்டரோ வேண்டவே வேண்டாம்: எழுத்து தேய்ந்தால் திருத்திய எண் என்ற சந்தேகம் வரும், அதைத் தீர்ப்பது பெரும்பாடு. காய்ந்ததும் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து, ஒவ்வொரு எழுத்தையும் ஆர்சியோடு ஒப்பிடுங்கள். பிறகு லேசாக கிரீஸ் தடவுங்கள்.

புகைச் சோதனை. சென்னையில் 2010 ஏப்ரலிலேயே பிஎஸ்-4 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்துவிட்டதால், அதற்குப் பின் இங்கே வாங்கிய பெட்ரோல் காருக்குக் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம்-தான் வரம்பு. குளிர்ந்த எஞ்சினோடு போனால் நல்ல வண்டியும் தவறும். 15 நிமிடம் ஓட்டிவிட்டுச் சூட்டோடு போங்கள். அப்படியும் அளவு ஏறினால் ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், ஆக்சிஜன் சென்சார் என்ற வரிசையில் பாருங்கள், மலிவானது முதலில்.

விளக்கு, ஹாரன், வைப்பர், சீட் பெல்ட் எல்லாம் அரை மணி நேர வேலை. டயர் பள்ளம் 1.6 மிமீக்குக் குறையக் கூடாது. மங்கிய ஹெட்லைட்டைப் பாலிஷ் போட்டாலே போதும். உடைந்திருந்தால் பழைய உதிரிபாகக் கடைகள் இருக்கும் புதுப்பேட்டையில் தேடலாம். மழைவெள்ளத்தில் நின்ற காரென்றால் பின் டிரம்மைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள், ஹேண்ட் பிரேக் பிடிக்காமல் போவது பெரும்பாலும் அந்தத் துருவால்தான். சன் ஃபிலிம், முன்பக்க இரும்பு கார்டு இரண்டையும் எடுத்துவிடுங்கள். நம்பர் பிளேட்டில் எழுத்து உயரம் 65 மிமீ. தலைவர் படத்துக்கு அங்கே இடமில்லை.

வண்டியைக் காட்டும் நாளன்று, துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரி வரிசை நீளும் முன் கிளம்புங்கள். அசல் ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று, கட்டண ரசீது, முகவரிச் சான்று கையில் இருக்கட்டும். ஏதாவது குறை சொன்னால், எது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சரிசெய்து திரும்பக் காட்ட உங்களிடம்தான் நாள் இருக்கிறதே. தேறிய பிறகு எம்பரிவாகன் செயலியில் புதுத் தேதி ஏறியதா என்று பார்த்துவிடுங்கள்.