மூன்று மணி விழிப்பிலிருந்து தொடங்குங்கள்

அரசு பஸ்ஸில் 31 வருடம் டிரைவராக இருந்தேன், பெரும்பாலும் தேனி–மதுரை தடத்தில். ஓய்வு பெற்ற பிறகு ஒன்றரை வருடம், முதல் நடைக்குக் கிளம்புகிறவன் மாதிரி தினமும் விடிகாலை மூன்று மணிக்கு விழித்து உட்கார்ந்திருந்தேன். பகல் முழுக்க எரிச்சல். குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்த நாள் உண்டு. எனக்கு மனச்சோர்வு என்று தோன்றவே இல்லை. ஊர் உலகம்தான் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தேன்.

என் வயதுக்காரர்கள் இதைப் பற்றி வாய் திறப்பது எப்படி என்று எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

முதலில் ‘மனம்’ என்ற சொல்லை ஒதுக்கி வையுங்கள். நமக்கு அது வாயில் வராது. வந்தாலும் கேட்கிறவர் மிரண்டுவிடுவார். உடம்பிலிருந்து ஆரம்பியுங்கள். “மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது.” “சோறு இறங்கவில்லை.” “பேரன் வந்தாலும் எடுத்துக் கொஞ்சத் தோன்றவில்லை.” இதில் பொய் எதுவும் இல்லை. நம் வயதில் மனச்சோர்வு அழுகையாக வராமல் தூக்கக் கேடாக, மூட்டு வலியாக, பசியின்மையாக, கோபமாகவே வரலாம்.

அடுத்தது இடம். எதிரெதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தால் பேச்சு வராது. என்னோடு 12 வருடம் ஓடிய கண்டக்டர் ஒருவர், கடைசி நடையில் கூட்டம் இறங்கியதும் முன் சீட்டுக்கு வந்துவிடுவார். இருவரும் சாலையைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். அவருடைய கடன், மகள் கல்யாணம், அண்ணன் தம்பி பாகப் பிரிவினை எல்லாம் அப்படித்தான் எனக்குத் தெரியும். என் விஷயத்தையும் அவரிடம்தான் முதலில் சொன்னேன். வைகை அணைப் பக்கம் அவருடைய மொபெட்டில் போகும்போது, பின்னால் உட்கார்ந்தபடி அவர் முதுகிடம் சொன்னேன். அவர் திரும்பவில்லை. “எத்தனை நாளாக, டிரைவரே?” என்று மட்டும் கேட்டார். வேறு எதையாவது கேட்டிருந்தால் பேச்சை மாற்றியிருப்பேன்.

எல்லோருக்கும் இப்படி ஓர் ஆள் அமையாது. “இதெல்லாம் ஒரு விஷயமா, கோயிலுக்குப் போய்விட்டு வா” என்கிறவரிடம் மாட்டிக்கொண்டால் மறுபடி வாய் திறக்க ஒரு வருடம் ஆகும். அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: “யோசனை எதுவும் வேண்டாம், கேட்டால் போதும்.” குடித்துவிட்டுப் பேசலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். ராத்திரி சொன்னதை விடிந்ததும் நாமே மறுத்துவிடுவோம். சாராயம் தூக்கத்தையும் கெடுக்கும்.

வீட்டில் சொல்வது இதைவிடக் கஷ்டம் என்று பயந்தேன். “கோபம் உன் மேல் இல்லை, எனக்குத்தான் ஏதோ சரியில்லை” என்றேன். “உப்பு சரியாகத்தான் இருந்தது” என்றாள் என் மனைவி.

டாக்டரிடம் போகும்போது துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள்: எத்தனை மணிக்கு விழிப்பு, எத்தனை வாரமாக, என்னென்ன மாத்திரை, குடி உண்டா என்று. நான் முதலில் பார்த்தவர் “வயதானால் அப்படித்தான்” என்று தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதை நம்பி நின்றுவிடாதீர்கள். தைராய்டு குறைவும் பி12 சத்துக் குறைவும்கூட இப்படிச் சோர்வைக் கொண்டுவரும். ரத்தப் பரிசோதனை செய்யலாமா என்று நீங்களே கேளுங்கள். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. அந்த வரிசையில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றேன். எனக்கு இரண்டு பேருக்கு முன்னால் எங்கள் டிப்போ மெக்கானிக் நின்றிருந்தார். மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் பிடிக்கும். பத்து நாளில் பலன் இல்லை என்றோ, நன்றாகிவிட்டது என்றோ டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

யாரிடமும் முகம் கொடுத்துப் பேச முடியாவிட்டால் 14416. மத்திய அரசு 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவை அது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். நான் முதல் தடவை மணி அடித்ததும் வைத்துவிட்டேன். இரண்டாம் தடவை அந்த மூன்று மணி விழிப்பைத்தான் சொன்னேன். மற்றதை அவர்களே ஒவ்வொன்றாகக் கேட்டார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் சுற்றி வளைக்க வேண்டாம். செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அதே வார்த்தையில் அன்றைக்கே சொல்லுங்கள், வீட்டில் இருப்பவரிடமோ அந்த எண்ணிலோ. தனியாக இருக்காதீர்கள். இன்னொருவர் உங்களிடம் அப்படிச் சொன்னால் அவர் பக்கத்திலேயே இருங்கள். ஆஸ்பத்திரிக்கும் கூடவே போங்கள்.

கண்டக்டர் இப்போதும் வெள்ளிக்கிழமை வருகிறார். போன வாரம் முன்னால் நான் ஓட்டினேன், பின்னால் அவர். உத்தமபாளையம் தாண்டியதும், “எனக்கும் கொஞ்ச நாளாக…” என்று இழுத்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.